முதல் டிரெயில் பைக் வாங்குவது எப்படி? மண் பாதையில் புதிதாக இறங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ரோட்டில் கியர் வண்டி நன்றாக ஓட்டுவீர்கள், மண்ணில் இதுவரை இறங்கியதில்லை, இப்போது ஒரு டிரெயில் பைக் (மண், கல் பாதைகளில் ஓட்டுவதற்கு ஏற்ற வண்டி) வாங்க நினைக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். தமிழ்நாட்டில் இன்று கிடைக்கும் வண்டிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

புதிதாக வருபவர்களில் பெரும்பாலானோர் வண்டியை முதலில் முடிவு செய்துவிட்டு, எங்கே ஓட்டுவது, கால் எட்டுகிறதா, பூட்ஸுக்குப் பணம் மிஞ்சுமா என்பதையெல்லாம் பிறகு யோசிக்கிறார்கள். ஆறு மாதத்தில் வண்டி விற்பனைக்கு வந்துவிடுகிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் வண்டியின் பெயர் ஆறாவது படியில்தான் வரும். அது அங்கேதான் வர வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கியர் வண்டிக்கான லைசென்ஸ், ஒரு இன்ச் டேப், மொத்தம் எவ்வளவு செலவு செய்யலாம் என்று எழுதிவைத்த தொகை, மண்ணில் ஓட்டிப் பழகிய ஒருவரின் துணை. இந்த நான்கில் கடைசியானதைத் தேடத்தான் நேரம் பிடிக்கும். ஆனாலும் தேடுங்கள், ஏழாவது, எட்டாவது படிகளில் அவர் இல்லாமல் சிரமப்படுவீர்கள்.

1. எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

முதலில் சட்டம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியோடு நுழைவது குற்றம். அபராதம் கட்ட வேண்டியிருக்கும், வண்டியும் பறிமுதலாகலாம். மலையடிவாரத்தில் அழகான ஒற்றையடிப் பாதை தெரிகிறது என்பதற்காக அது ஓட்டக்கூடிய பாதை ஆகிவிடாது. ஊர் மக்கள் புழங்கும் மண் ரோடு, வண்டிப்பாதை, உரிமையாளரிடம் கேட்டு நுழையும் பட்டா நிலம், பயிற்சி மைதானம் ஆகியவைதான் உங்கள் இடங்கள். கண்மாய்க் கரை மேல் ஏற்றாதீர்கள். டயர் கிழித்த தடத்தில் மழைநீர் ஓடி கரை அரித்துவிடும்.

அடுத்தது மண்ணின் வகை. வண்டியின் குணத்தைத் தீர்மானிப்பது இதுதான்.

செம்மண்ணும் சரளையும் கலந்த பாதைக்கு ஏறக்குறைய எந்த டிரெயில் பைக்கும் போதும். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத் தேரி மணலில் முன் சக்கரம் புதையும், அங்கே எடை குறைந்த வண்டிதான் கைகொடுக்கும். கரிசல் மண் வேறு கதை. ஒரு மழை பெய்தால் போதும், மண் டயரில் அப்பி மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைந்து சக்கரத்தையே நிறுத்திவிடும். அந்தப் பகுதிக்காரர்கள் முன் மட்கார்டு டயரை ஒட்டி இல்லாமல் மேலே தூக்கி இருக்கும் வண்டியைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வீட்டிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம்? பத்து கிலோமீட்டர் என்றால் சின்ன டேங்க் போதும். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் போய்த்தான் மண்ணைத் தொட வேண்டுமென்றால் சீட்டின் அகலமும் டேங்க் அளவும் முக்கியமாகிவிடும். போகும்போதே களைத்துப்போனவர் மண்ணில் கவனமாக ஓட்ட முடியாது.

2. நம்பர் பிளேட் உள்ள வண்டியா, இல்லாததா?

சாலைக்கு வராமல் மண்ணில் மட்டும் ஓட்டவென்றே செய்த வண்டிகளில் விளக்கு, கண்ணாடி எதுவும் இருக்காது. அவற்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்ய முடியாது. பதிவில்லாத வண்டியைத் தெருமுனை டீக்கடை வரைகூட ஓட்ட முடியாது, லோடு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கவாஸாகி கே.எல்.எக்ஸ். 140ஆர் அந்த வகை. கே.எல்.எக்ஸ். 230ஆர் எஸ்-ஸும் அதே. பதிவு செய்யக்கூடிய கே.எல்.எக்ஸ். 230-ஐ விடப் பெயரில் ஒன்றிரண்டு எழுத்து கூடுதலாக இருப்பதைக் கவனிக்காமல் விலையை மட்டும் பார்த்து விசாரிப்பவர்கள் உண்டு. "ரோடு ரிஜிஸ்ட்ரேஷன் ஆகுமா?" என்பது ஷோரூமில் உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

சொந்தத் தோப்பும் லோடு வண்டியும் இருப்பவர் தவிர, மற்ற எல்லாப் புதியவருக்கும் என் பரிந்துரை நம்பர் பிளேட் உள்ள வண்டிதான். வாரநாளில் கடைக்குப் போகும்போதும் அதே கிளட்சும் அதே பிரேக்கும் கைக்குப் பழகும்.

வீட்டில் 18 வயது ஆகாத பிள்ளைக்காக விசாரிக்கிறீர்கள் என்றால், மூடிய தனியார் மைதானம் மட்டும்தான் வழி. பொதுச்சாலையில் ஓட்டவிட்டால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க முடியும்.

3. உங்கள் உடம்பை அளந்துகொள்ளுங்கள்

மொத்த உயரத்தை வைத்து வண்டி தேடாதீர்கள். சுவரில் முதுகை ஒட்டி வெறுங்காலில் நின்று, கவட்டிலிருந்து தரை வரை டேப்பால் அளங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு இந்த அளவு 5 சென்டிமீட்டர் வரை வேறுபடும்.

இந்த அளவை வண்டியின் சீட் உயரத்தோடு ஒப்பிடுங்கள். சீட் உயரம் உங்கள் அளவைவிட 5 சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். நீங்கள் உட்கார்ந்ததும் பின் சஸ்பென்ஷன் இறங்கிக் கொடுக்கும். 170 மி.மீ. ஓட்டம் (மேலும் கீழும் அசையும் தூரம்) உள்ள பின் சஸ்பென்ஷன், சரியாக அமைத்தால், ஆள் உட்கார்ந்த நிலையில் சுமார் 50 மி.மீ. அமுங்கும். எடை குறைந்தவர்களுக்கு அவ்வளவு அமுங்காது, அதனால்தான் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்கிறேன்.

இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிய வேண்டும் என்ற ரோட்டுக் கணக்கை இங்கே விட்டுவிடுங்கள். இரண்டு காலின் முன்பாதம் படிந்தால், அல்லது சற்று நகர்ந்து உட்கார்ந்து ஒரு காலை முழுசாக ஊன்ற முடிந்தால், போதும். அதுவும் எட்டாமல் கட்டைவிரல் நுனியில் நிற்பவர் அந்த வண்டியைத் தவிர்க்கட்டும். சமதளத்தில் சமாளித்துவிடுவீர்கள். ஆனால் பள்ளத்தில் வண்டி நிற்கும்போது கால் வைக்க வேண்டிய தரை இன்னும் பத்து சென்டிமீட்டர் கீழே இருக்கும். புதியவர்கள் விழுவது வேகத்தில் அல்ல. பெரும்பாலும் நிற்கப் போகும் அந்த நொடியில், கால் தரையைத் தேடும்போதுதான் விழுகிறார்கள்.

4. எடையைப் பாருங்கள், சி.சி. பிறகு

ஆரம்பத்தில் மண்ணில் உங்கள் வேகம் 40-ஐத் தாண்டாது. முதல் கியர், இரண்டாம் கியர், சில சமயம் மூன்றாவது. அதற்கு 18, 20 குதிரைத்திறன் தாராளம். கூடுதல் சக்தி, ஆக்ஸிலேட்டரைத் தெரியாமல் திருகிவிடும் புதிய கைக்குப் பகை. மேடு ஏறும்போது உடம்பு பின்னால் சாயும், கை தானாக ஆக்ஸிலேட்டரை இழுக்கும், வண்டி உங்களை விட்டுவிட்டு மேலே பாயும். 46 குதிரைத்திறன் உள்ள கே.டி.எம். 390 எண்டியூரோ ஆர் மாதிரி வண்டிகளை இரண்டாவது வண்டியாக வாங்குங்கள்.

எடைதான் ஒவ்வொரு விழுகைக்கும் கணக்குக் கேட்கும். விழுந்த வண்டியைத் தூக்க வேண்டும், ஓடையில் சிக்கினால் இழுக்க வேண்டும், மேட்டில் பாதியில் நின்றால் பின்னால் உருளாமல் பிடிக்க வேண்டும். 140 கிலோ வண்டியை ஒருவர் ஒரு காலையில் பலமுறை தூக்கலாம். 196 கிலோ உள்ள ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ஐ மூன்றாவது முறை தூக்கும்போது அன்றைய ஓட்டமே முடிந்துபோகும். நெடுந்தூரப் பயணத்துக்கு அது நல்ல வண்டிதான், மண் பழகுவதற்கு மட்டும் வேண்டாம்.

வாங்கும் முன் தூக்கிப் பாருங்கள். ஷோரூமில் படுக்கவிட மாட்டார்கள், நண்பரின் வண்டியில் புல் தரையில் செய்யலாம். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். முதல் கியரில் போட்டால் உருளாது. ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, முட்டியை மடக்கி, முதுகை வளைக்காமல் தொடையின் பலத்தில் எழுங்கள். இடைவெளி விட்டு மூன்று முறை செய்து, மூன்றாவது முறை எப்படி இருந்தது என்பதை வைத்து முடிவெடுங்கள்.

5. பூட்ஸுக்கும் ஹெல்மெட்டுக்கும் பணத்தை முதலில் ஒதுக்குங்கள்

மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் வண்டி தேடுங்கள். வண்டி வாங்கிய பின் மிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் கேன்வாஸ் ஷூவோடுதான் வருகிறார்கள்.

வரிசை இது: ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, தாடையை மூடும் ஹெல்மெட். கணுக்காலுக்கு மேல் கெண்டைக்கால் வரை வரும் கெட்டியான பூட்ஸ். முட்டிக் கவசம். கையுறை. அதன் பிறகு முழங்கை, மார்பு, முதுகுக் கவசங்கள். பூட்ஸை இவ்வளவு மேலே வைத்ததற்குக் காரணம் உண்டு. மெதுவான விழுகையில் வண்டி உங்கள் காலின் மேல்தான் படுக்கும். பாதம் ஃபுட்ரெஸ்டுக்கும் தரைக்கும் நடுவே மாட்டும்போது கணுக்காலைத் திருகவிடாமல் காப்பது அந்தப் பூட்ஸ்தான். டிரெக்கிங் ஷூவின் மென்மையான கழுத்துக்கு அந்த வலு கிடையாது.

6. இப்போது வண்டிப் பட்டியல்

மேலே உள்ள ஐந்தையும் முடித்திருந்தால் உங்கள் பட்டியல் இரண்டு மூன்று வண்டிகளில் நின்றுவிடும்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பெரும்பாலானோருக்குச் சரியான முதல் வண்டி. சீட் உயரம் 825 மி.மீ., எடை 160 கிலோவை ஒட்டி, முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குல ஸ்போக் சக்கரம், 13 லிட்டர் டேங்க். விழுந்தால் உடையும் லீவரும் இண்டிகேட்டரும் சின்ன ஊரிலும் கிடைக்கும், பிரிக்கத் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார். புதியவருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. இதன் புரோ வகையில் சஸ்பென்ஷன் ஓட்டம் முன்னால் 250, பின்னால் 220 மி.மீ., ஆனால் சீட் உயரம் 891 மி.மீ. மூன்றாவது படியின் அளவை மறந்து "புரோ" என்ற சொல்லுக்காக அதை வாங்கி, பிறகு உயரத்தைக் குறைக்க வழி தேடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி இறக்கினால் வண்டியின் அடிவயிறும் தரைக்கு நெருங்கிவிடும். சாதாரண வகையையே வாங்கியிருக்கலாம்.

2025-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210-இல் சக்தி கூடுதல், ஆறு கியர், நெடுஞ்சாலையில் இன்னும் சுலபம். கூடவே சில கிலோ எடையும், கல்லில் அடிபடக்கூடிய ரேடியேட்டரும் வருகின்றன. பாதி ரோடு, பாதி மண் என்று ஓட்டுபவர் இதைப் பார்க்கலாம்.

கவாஸாகி கே.எல்.எக்ஸ். 230 இந்தப் பட்டியலில் உண்மையான மண் வண்டி. 139 கிலோதான். சீட் உயரம் 880 மி.மீ., டேங்க் 7.6 லிட்டர். கால் நீளமும், அருகிலேயே பாதையும், ஓரளவு பக்கத்தில் சர்வீஸ் சென்டரும் இருப்பவருக்கு எக்ஸ்பல்ஸை விட இதையே சொல்வேன். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் யோசியுங்கள்.

பட்ஜெட் சின்னது என்றால் 2011-இல் வந்து பிறகு நிறுத்தப்பட்ட ஹீரோ இம்பல்ஸ் 150 பழையதாகக் கிடைக்கும். 134 கிலோ, மண்ணில் அருமையான வண்டி. பிளாஸ்டிக் பாகங்களுக்குத்தான் அலைய வேண்டிவரும்.

ஸ்பிளெண்டரில் முள் டயர் (மண்ணில் பிடிக்கும் கட்டைகள் துருத்திய டயர்) மாட்டி ஓட்டலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். காய்ந்த மண் ரோட்டில் பழக ஓட்டலாம். கல் பாதைக்குக் கொண்டுபோகாதீர்கள். அதன் குட்டையான சஸ்பென்ஷன் சீக்கிரம் முட்டிக்கொள்ளும், அந்த அடி அலாய் வீலில் விரிசலாக வந்து நிற்கும்.

7. ஓட்டிப் பார்க்கும்போது செய்ய வேண்டியவை

ஷோரூம் டெஸ்ட் ரைடில் தார் ரோட்டில் ஒரு சுற்று விடுவார்கள். அந்தச் சுற்றில் வேகமாகப் போய்ப் பார்த்து ஒன்றும் தெரியப்போவதில்லை. மெதுவாக ஓட்டினால்தான் வண்டி தன் குணத்தைக் காட்டும்.

ஏறும் முன் இன்ஜினை அணைத்துவிட்டு, பக்கத்தில் நின்று பத்தடி பின்னோக்கித் தள்ளுங்கள். கை தடுமாறினால் எடை உங்களுக்கு அதிகம்.

முதல் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் அணையாமல் நடை வேகத்தில் வண்டி தானே நகர வேண்டும். குதித்துக் குதித்து நகர்ந்தாலோ அணைந்தாலோ, கற்பாதையில் அந்த வண்டி உங்களைப் பாடாய்ப் படுத்தும்.

அதே வேகத்தில் ஹேண்டிலை முழுக்க ஒடித்து, கிளட்சைப் பாதி பிடித்தபடி ஒரு வட்டம் போடுங்கள், இரண்டு பக்கமும். முழுக்க ஒடித்த நிலையில் விரல் டேங்கில் இடிக்கிறதா, கிளட்ச் ஒயர் இழுபடுகிறதா என்று கவனியுங்கள். கிளட்ச் இரண்டு விரலுக்கு அடங்க வேண்டும். நான்கு விரலும் தேவைப்பட்டால் அரை மணி நேரத்தில் முன்கை மரத்துப்போகும்.

பிறகு ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று நூறு மீட்டர் ஓட்டுங்கள். மண் ஓட்டத்தில் பாதி நேரம் நின்றுதான் போகப் போகிறீர்கள், உட்கார்ந்து மட்டும் பார்த்துவிட்டு வாங்குவதால்தான் பின்னால் முதுகுவலி வருகிறது. நிற்கும்போது முட்டி டேங்கைப் பிடிக்க வேண்டும், ஹேண்டிலைத் தொட இடுப்பு அளவுக்கு மீறிக் குனியக் கூடாது. உயரமானவருக்கு ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் சிறிய செலவுதான். அதற்காக மட்டும் நல்ல வண்டியை ஒதுக்க வேண்டாம்.

கடைசியாக, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.-ஐ மாற்றும் பொத்தானைத் தேடுங்கள். சரளை இறக்கத்தில் ஏ.பி.எஸ். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். எக்ஸ்பல்ஸ் 4வி-யின் 2023-க்குப் பிந்தைய வண்டிகளில் ரோடு, ஆஃப்ரோடு, ராலி என்று மூன்று நிலை உண்டு. பழைய மாடல்களில் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

8. பழைய வண்டி என்றால் இன்ஜினுக்கு முன் இவற்றைப் பாருங்கள்

விற்பவரிடம் "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் இன்ஜின் பக்கம் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் குறையை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாய் மீது விரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலிலும் நகம் மாட்டும். அந்த இடம் சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும், எத்தனை முறை சீல் மாற்றினாலும் ஆயில் கசியும். குழாயைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி வளையம் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கவைத்து ஹேண்டிலை இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் தடுத்தால் கோன்செட் (ஹேண்டில் கழுத்திலுள்ள பேரிங்) போய்விட்டது. பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். டொக்கென்று ஆட்டம் கொடுத்தால் பேரிங்கோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஒரு சின்ன ஸ்பேனரால் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகச் சத்தமிடும். இரண்டு மூன்று தளர்ந்திருந்தால் கோட்டம் எடுத்துவிடலாம். ரிம்மே உள்வாங்கி நசுங்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இன்ஜினுக்குக் கீழே உள்ள அடித்தகட்டில் சொட்டை இருப்பது நல்லதுதான், அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அதைக் கழற்றி உள்ளே கிராங்க் கேஸில் (இன்ஜினின் அடி உறையில்) வெல்டிங் தழும்போ எம்-சீலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில் கழுத்தை ஒட்டிய ஃபிரேமில் பெயின்ட் வெடித்திருந்தாலும், அந்த இடம் மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தாலும், வேறு வண்டி பாருங்கள்.

ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள், ஃபில்டருக்கு அந்தப்பக்கம் இன்ஜினை நோக்கிப் போகும் வழியில் மண் துகள் இருந்தால் பிஸ்டன் தேய்ந்திருக்கும். இந்த ஒன்றுக்காகவே வண்டியை நிராகரிக்கலாம். இதையெல்லாம் முடித்த பிறகு ஸ்டார்ட் செய்து, நான்காம் கியரில் 40 வேகத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகுங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது.

9. பேப்பர்

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்ததோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். எம்பரிவாகன் செயலியில் இன்சூரன்ஸ், கடன் பாக்கி, சலான் பாக்கி தெரியும். கடன் இருந்தால் கடன் தீர்ந்ததற்கான வங்கியின் படிவம் 35 கைக்கு வராமல் முழுப்பணம் தர வேண்டாம். படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயர் மாற்றத்தை உடனே செய்யுங்கள்.

10. வாங்கிய பிறகு, மண்ணில் இறங்கும் முன்

புது வண்டியென்றால் முதல் சர்வீஸ் முடியும் வரை ரோட்டில் பொறுமையாக ஓட்டுங்கள். பிறகு கிளட்ச், பிரேக் லீவர்களைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பி இறுக்குங்கள், நின்று ஓட்டும்போது மணிக்கட்டு நேராக இருக்கும். ஃபுட்ரெஸ்ட் மேலுள்ள ரப்பரைக் கழற்றுங்கள், ஈரப் பூட்ஸ் அதில் வழுக்கும். ஹேண்ட் கார்டு (கையையும் லீவரையும் காக்கும் கவசம்) மாட்டுங்கள், ஒரு விழுகைக்கு ஒரு லீவர் மிஞ்சும்.

டயர் காற்றை மண்ணில் 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைக்கலாம். டயர் விரிந்து நன்றாகப் பிடிக்கும். அதற்கும் கீழே இறக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கிக் கிழியும். திரும்பும்போது தார் ரோடு வந்ததும் வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு சின்ன பம்பு பையில் இருக்கட்டும்.

முதல் நாட்களை ஒரு பயிற்சிப் பள்ளியில் கழிக்க முடிந்தால் நல்லது. டக்கார் ராலியில் ஓட்டிய முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் கோலார் அருகே தொடங்கிய பிக் ராக் டர்ட் பார்க் சென்னைக்காரர்களுக்கும் கிருஷ்ணகிரி, வேலூர்க்காரர்களுக்கும் போய்வரக்கூடிய தூரம்தான்.

நம் ஊர்ப் பாதைகளில் இன்னொன்று கட்டாயம்: சீமைக்கருவேல முள். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை ட்யூப் டயர். 21 அங்குல ட்யூப் சாலையோரப் பஞ்சர் கடையில் அநேகமாக இருக்காது. அதனால் அந்த ட்யூப் ஒன்றை எப்போதும் கூடவே வைத்திருங்கள், அவசரத்துக்குப் பின்னால் உள்ள 18 அங்குலச் சக்கரத்திலும் அதை மடித்து மாட்டி மெதுவாக வீடு வந்து சேரலாம். டயர் கழற்றும் லீவர் இரண்டு, உங்கள் வண்டியின் ஆக்ஸில் நட்டுக்குச் சரியான ஸ்பேனர் ஒன்று. மூன்றையும் வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகிவிட்டு, அடுத்த ஞாயிறு மண்ணுக்குக் கிளம்புங்கள்.